பந்தும் பட்டமும்

விளையாடுகிற பையன் படிக்க மாட்டான், படிக்கிற பையன் விளையாட மாட்டான் என்பது நம் வீடுகளில் ஏறக்குறைய ஒரு சட்டம். ஊரை விட்டு வந்து அயல் மாநிலத்தில் பிழைக்கிற குடும்பங்களுக்கு இந்தச் சட்டம் இன்னும் கொஞ்சம் கடுமை. இங்கே நமக்கு நிலமும் இல்லை, நீச்சும் இல்லை. ஒரு வார்த்தை சொல்லி வேலை வாங்கித் தர மாமன் மச்சானும் இல்லை. பிள்ளையின் மார்க் ஷீட் ஒன்றுதான் ஆஸ்தி. ஆகவே ஒன்பதாம் வகுப்பு வந்ததும் பந்து பரணுக்குப் போய்விடும்.

தில்லியில் ஒரு கல்லூரியில் முப்பது வருஷம் வரலாறு நடத்தியவன் நான். விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்ந்த பிள்ளைகள் ஆண்டுதோறும் என் வகுப்புக்கு வருவார்கள். சரியாகச் சொன்னால், பாதி நாள் வரமாட்டார்கள். ஆசிரியர் அறையில் அவர்களைப் பற்றிய பேச்சு, "அது ஸ்போர்ட்ஸ் கோட்டா, விடுங்க சார்" என்ற ஒரே வாக்கியத்தில் முடிந்துவிடும். பையனுக்குப் படிப்பு ஏறவில்லையா, அல்லது அவனை ஆடுவதற்கென்றே அழைத்து வந்தவர்கள் படிக்க நேரம் கொடுக்கவில்லையா? இந்தக் கேள்வியை நின்று கேட்டவர்கள் குறைவு. உலகத்தில் ஒரு நாட்டில் மட்டும் இதை நூறு வருஷத்துக்கு மேலாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கமிஷன் போட்டார்கள், கோர்ட்டுக்குப் போனார்கள், செனட் சபையில் விசாரித்தார்கள். அது அமெரிக்கா. நம் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று அந்தப் பல்கலைக்கழகங்களில் நிறையப் பேர் படிப்பதால், இந்த வரலாறு நமக்கு அந்நியமல்ல என்று நினைத்து எழுதுகிறேன்.

முதலில் ஒரு விளக்கம். அமெரிக்கர்கள் ஃபுட்பால் என்று சொல்வது நாம் பார்க்கும் கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி, தலைக்கவசமும் தோள்கவசமும் அணிந்து, பதினோரு பேர் பதினோரு பேரோடு மோதும் ஆட்டம் அது. காலுக்கு அதில் வேலை குறைவு. நம் சடுகுடுவோடு ஒப்பிட்டால் ஓரளவு புரியும்: எதிரியின் எல்லைக்குள் புகவேண்டும், அவன் பிடித்து அமுக்கப் பார்ப்பான். இன்னொன்றும் சொல்ல வேண்டும். அங்கே இந்த ஆட்டம் வளர்ந்ததே கல்லூரிகளில்தான். தொழில்முறை அணிகள் பின்னால் வந்தவை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஆட்ட அரங்கில் ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்காரலாம். ஒரு கல்லூரி மைதானத்தில் ஒரு லட்சம் பேர்! இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

1869 நவம்பர் 6-ஆம் தேதி நியூ ஜெர்சி மாநிலத்தில் ரட்கர்ஸ் கல்லூரிக்கும் பிரின்ஸ்டன் கல்லூரிக்கும் நடந்த ஆட்டத்தைத்தான் முதல் கல்லூரி ஆட்டம் என்று சொல்கிறார்கள். பக்கத்துக்கு 25 பேர். ரட்கர்ஸ் 6-4 என்று ஜெயித்தது. அப்போது பயிற்சியாளர் கிடையாது, டிக்கெட் கிடையாது. மாணவர்களே கூடி, மாணவர்களே ஆடி, சாயங்காலம் சேர்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். படிப்பா ஆட்டமா என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை.

இருபது முப்பது வருஷத்துக்குள் நிலைமை தலைகீழாயிற்று. கூட்டம் வந்தது, கூட்டத்தோடு காசு வந்தது, காசோடு ஜெயித்தே தீரவேண்டும் என்ற வெறியும் வந்தது. வேடிக்கையான ஓர் உதாரணம்: 1896-ல் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்துக்கொண்டிருந்த ஃபீல்டிங் யோஸ்ட் என்பவர், அக்டோபரில் திடீரென்று லாஃபாயெட் கல்லூரியில் மாணவராகச் சேர்ந்தார். அந்த வாரமே லாஃபாயெட், நெடுநாள் தோல்வியே காணாதிருந்த பென்சில்வேனியா அணியை வீழ்த்தியது. ஆட்டம் முடிந்த கையோடு யோஸ்ட் மறுபடி மேற்கு வர்ஜீனியாவுக்குத் திரும்பிவிட்டார். லாஃபாயெட்டில் அவர் படித்தது என்னவென்று யாரும் கேட்கவில்லை. இதே யோஸ்ட் 1901-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளராகிப் பெரும் புகழ் பெற்றார் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். இப்படி ஊர் ஊராகப் போய் ஆடியவர்களுக்கு அங்கே 'நாடோடி வீரர்கள்' என்றே பெயர் இருந்தது.

1905-ல் பிரச்சினை வேறு விதமாக வெடித்தது. அந்த ஒரு பருவத்தில் மட்டும் ஆட்டத்தில் அடிபட்டு இறந்த இளைஞர்கள் பதினெட்டுக்கும் குறையாது என்று பத்திரிகைகள் கணக்குச் சொல்லின. ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட், ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு வரவழைத்துப் பேசினார். மறுவருடம் கல்லூரிகள் கூடி ஒரு சங்கம் அமைத்தன. 1910 முதல் அதற்கு என்.சி.ஏ.ஏ. என்று பெயர், அதாவது தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம். உயிர்ச்சேதத்தைக் குறைக்க விதிகள் வந்தன. அந்தக் காலத்தில்தான் 'உண்மையிலேயே மாணவனாக இருப்பவனே ஆடலாம்' என்ற கொள்கையும் ஊன்றப்பட்டது. கொள்கை நல்ல கொள்கைதான். கண்காணிக்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

பந்தும் படிப்பும் பகை என்று சொல்பவர்களுக்கு ரட்கர்ஸிலிருந்தே ஒரு பதில் உண்டு. பால் ராப்சனை நம்மில் பலர் பாடகராக அறிவோம்; நேருவின் நண்பர்; அவர் பாடிய மிசிசிப்பி ஆற்றுப் பாட்டைக் கேட்டுத்தான் பூபேன் ஹசாரிகா தம் புகழ்பெற்ற நதிப் பாட்டைப் படைத்தார். ராப்சன் கால்பந்து வீரர் என்பது அவ்வளவாகத் தெரியாது. அடிமையாகப் பிறந்து தப்பி வந்த ஒருவரின் மகன் அவர். மாநில அளவில் நடந்த போட்டித் தேர்வில் வென்று உதவித்தொகையோடு 1915-ல் ரட்கர்ஸ் போனார். அந்தக் கல்லூரியின் வரலாற்றில் மூன்றாவது கறுப்பின மாணவர். பயிற்சிக்குப் போன முதல் நாளே சொந்த அணிக்காரர்கள் அவர் மூக்கை உடைத்தார்கள். வேறொரு நாள் அவர் கையின் மேல் ஆணிச் செருப்போடு ஏறி மிதித்தான் ஒருவன். 1916-ல் தெற்கிலிருந்து வந்த ஓர் அணி, கறுப்பன் ஆடினால் நாங்கள் ஆடமாட்டோம் என்றது. ரட்கர்ஸ் அவரை உட்கார வைத்துவிட்டு ஆடியது.

அந்த மனிதர் 1917, 1918 இரண்டு வருஷமும் நாட்டின் தலைசிறந்த வீரர்கள் பட்டியலில் இடம் பெற்றார். படிப்பில் ஃபை பீட்டா கப்பா என்ற உயர்ந்த கல்விக் கழகத்தில் சேர்க்கப்பட்டார். 1919-ல் தம் வகுப்பின் சார்பில் பட்டமளிப்பு மேடையில் உரையாற்றினார். பின்னர் கொலம்பியாவில் சட்டம் படித்தபோது, ஞாயிற்றுக்கிழமைகளில் தொழில்முறை ஆட்டம் ஆடிச் சம்பாதித்து, 1923-ல் சட்டப் பட்டமும் வாங்கினார்.

ராப்சன் ஒருவர் மட்டுமல்ல. கொலராடோவில் ஆடிய பைரன் ஒயிட், படிப்பிலும் கல்லூரியில் முதல்வர். ரோட்ஸ் உதவித்தொகையில் ஆக்ஸ்ஃபோர்டு போனார். 1962 முதல் 1993 வரை அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி. ஃபிராங்க் ரயன் என்பவர் 1964-ல் கிளீவ்லாந்து அணிக்குத் தேசியப் பட்டம் வாங்கித் தந்தார். மறுவருடம் ரைஸ் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார். இப்படிச் சொல்லிக்கொண்டே போகலாம். ஆனால் இந்தப் பட்டியலில் ஓர் ஆபத்து இருக்கிறது. கல்லூரி நிர்வாகங்களுக்கு ரொம்பப் பிடித்த பட்டியல் இது. ஒரு ராப்சனைக் காட்டி, பெயர் தெரியாத ஆயிரம் பேரை மறைத்துவிடலாம்.

1929-ல் கார்னெகி அறக்கட்டளை அந்த மறைவை விலக்கிப் பார்த்தது. நூற்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளுக்கு நேரில் போய் ஆராய்ந்து எழுதிய அறிக்கை அது. நான்கில் மூன்று பங்குக் கல்லூரிகளுக்கு நெருக்கமாக, வீரர்களுக்கு ஏதோ ஒரு வழியில் பணமோ சலுகையோ போய்க்கொண்டிருந்தது. செய்யாத வேலைக்குச் சம்பளம், பழைய மாணவர்களின் ரகசிய நிதி என்று விதவிதமாக. ஆனால் அறிக்கை வந்த நேரம் சரியில்லை. பங்குச் சந்தை சரிந்த அதே வாரம்! நாடே சோற்றுக்கு அலைய ஆரம்பித்தபோது, பந்தாட்டக்காரன் படித்தானா என்று யார் கவலைப்படுவது?

ஒருவர் கவலைப்பட்டார். அதே 1929-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தலைவரான ராபர்ட் ஹட்சின்ஸ். அப்போது அவருக்கு வயது 30. சிகாகோ சாதாரண அணி அல்ல. அமோஸ் ஸ்டாக் என்ற மாபெரும் பயிற்சியாளர் 1892 முதல் நாற்பது ஆண்டுகள் கட்டி வளர்த்த அணி. நாட்டின் சிறந்த கல்லூரி வீரருக்குத் தரும் ஹைஸ்மன் கோப்பையை, அது ஏற்பட்ட 1935-ஆம் ஆண்டிலேயே, சிகாகோவின் ஜே பெர்வாங்கர்தான் முதலில் வாங்கினார். ஆனால் ஹட்சின்ஸ் பாடத்திட்டத்தைக் கடுமையாக்கிக்கொண்டே போனார். ஆட்டக்காரர்களுக்கென்று சுலபமான பாடம் எதுவும் வைக்கவில்லை. விளைவு, நல்ல வீரர்கள் வேறு கல்லூரிகளுக்குப் போனார்கள். 1939-ல் மிச்சிகனோடு ஆடிய சிகாகோ 85-0 என்று தோற்றது. ஹார்வர்டோடு 61-0. அந்த டிசம்பரில் ஹட்சின்ஸ் ஆட்டத்தையே எடுத்துவிட்டார். பழைய மாணவர்கள் கொதித்தார்கள். அவர் அசையவில்லை.

இந்த ஹட்சின்ஸுக்கும் தமிழர்களுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1937-ல் சுப்ரமணியன் சந்திரசேகரைச் சிகாகோவுக்கு அழைத்தவர் அவர். சந்திரசேகரும் நம்மைப் போல வெளியூர்த் தமிழ்க் குடும்பம்தான். அப்பாவுக்கு ரயில்வே கணக்குத் துறையில் உத்தியோகம், பிறந்தது லாகூரில். அவருடைய நிறத்தைக் காரணம் காட்டி, பல்கலைக்கழக வளாகத்தில் அவர் வகுப்பெடுப்பதை ஒரு மூத்த பேராசிரியர் எதிர்த்தபோது, தாராளமாக எடுக்கட்டும் என்று உத்தரவு கொடுத்தவரும் ஹட்சின்ஸ்தான். ஆட்டம் நின்றபோது அந்தக் கல்லூரி இழந்தது ஓர் அணியை. அதே பத்தாண்டுகளில் அது யார் யாரைச் சேர்த்துக்கொண்டது என்பதையும் பார்க்கவேண்டும். ஆள் வராத அந்த ஆட்ட அரங்கின் மேற்குப் படிக்கட்டுகளுக்கு அடியில்தான், 1942 டிசம்பர் 2-ஆம் தேதி, என்ரிகோ ஃபெர்மியும் அவர் கூட்டாளிகளும் உலகின் முதல் அணுக்கருத் தொடர்வினையை நடத்திக் காட்டினார்கள். பின்னாளில் அரங்கை இடித்தார்கள். அந்த இடத்தில் இன்று பல்கலைக்கழகத்தின் பெரிய நூலகம் நிற்கிறது. 1969-ல் சிகாகோ மறுபடி ஆட ஆரம்பித்தது; ஆனால் உதவித்தொகை இல்லாமல், சின்ன மைதானத்தில், 1869 ஆட்டக்காரர்கள் மாதிரி.

மற்றக் கல்லூரிகள் சிகாகோவைப் பின்பற்றவில்லை. ஹார்வர்டு, யேல் உள்ளிட்ட எட்டுப் பழைய கல்லூரிகள் மட்டும் 1954-ல் தங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டு, விளையாட்டுக்கென்று உதவித்தொகை கிடையாது என்று ஒதுங்கிக்கொண்டன. மற்றவர்கள் நேர் எதிராகப் போனார்கள். 1956 முதல் ஆட்டத்துக்காக மட்டுமே முழு உதவித்தொகை கொடுக்கலாம் என்று என்.சி.ஏ.ஏ. அனுமதித்தது.

இங்கேதான் ஒரு வார்த்தை பிறக்கிறது. 1955-ல் கொலராடோவின் ஃபோர்ட் லூயிஸ் கல்லூரிக்காக ஆடிய ரே டென்னிசன் தலையில் அடிபட்டு இறந்தார். அவர் மனைவி, வேலை செய்யுமிடத்தில் இறந்தவர்களுக்குத் தரும் இழப்பீட்டைக் கேட்டு வழக்குப் போட்டார். டென்னிசன் கல்லூரியின் ஊழியர் அல்ல என்று 1957-ல் மாநில உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. இந்த மாதிரி வழக்குகளுக்குப் பயந்து, என்.சி.ஏ.ஏ.யின் நிர்வாகத் தலைவர் வால்டர் பையர்ஸ் ஒரு சொல்லைப் புழக்கத்தில் விட்டார்: 'மாணவ வீரர்'. ஆடுபவன் வேலையாள் இல்லை, மாணவன் என்று சொல்வதற்கான சொல். விதிப்புத்தகத்திலும் அறிக்கையிலும் அதைத்தான் எழுதவேண்டும் என்று ஆக்கினார்கள். இது நான் சொல்லும் குற்றச்சாட்டு அல்ல. ஓய்வு பெற்ற பிறகு 1995-ல் எழுதிய புத்தகத்தில் பையர்ஸே ஒப்புக்கொண்டது. அதாவது, படிப்பின் பெயர் அங்கே ஒரு சட்டக் கவசம். பையன் படித்தாக வேண்டும் என்பதைவிட, படிக்கிறான் என்று காட்டியாக வேண்டும்.

பிறகு விதிகள் மாறி மாறி வந்தன. 1965-ல், கல்லூரியில் 4-க்கு 1.6 மதிப்பெண்ணாவது எடுப்பான் என்று கணிக்கப்பட்டவனுக்கே உதவித்தொகை என்று ஒரு விதி. 1973-ல் அதை எடுத்துவிட்டார்கள். அதே ஆண்டு, நான்கு வருஷத்துக்கு உறுதியாக இருந்த உதவித்தொகையை ஒரு வருஷம் ஒரு வருஷமாகப் புதுப்பிப்பது என்றும் ஆக்கினார்கள். இதன் பொருளை யோசியுங்கள். பயிற்சியாளர் மனம் கோணினால் படிப்பே போய்விடும் என்றால், எந்தப் பையன் "சார், நாளைக்கு எனக்குப் பரீட்சை" என்று சொல்வான்?

1983-ல் இன்னொரு விதி நிறைவேறி 1986-ல் அமலுக்கு வந்தது. 'நாற்பத்தெட்டாம் தீர்மானம்' என்று அதற்குப் பெயர். பள்ளியில் 11 முக்கியப் பாடங்களில் 4-க்கு 2 எடுத்திருக்க வேண்டும், எஸ்.ஏ.டி. நுழைவுத் தேர்வில் 1600-க்கு 700 எடுத்திருக்க வேண்டும். இல்லையென்றால் முதல் வருஷம் ஆட முடியாது. அந்தத் தேர்வில் மிகக் குறைந்த மதிப்பெண்ணே 400 என்பதால் 700 ஒன்றும் இமயமலை இல்லை. இருந்தும் பெரிய சண்டை நடந்தது. கறுப்பினக் கல்லூரித் தலைவர்கள், தேர்வே எங்கள் பிள்ளைகளுக்குப் பாதகமானது என்றார்கள். கறுப்பின வீரர்களின் உரிமைக்காகவே வாழ்நாள் முழுதும் போராடிய சமூகவியலாளர் ஹாரி எட்வர்ட்ஸோ, நம் பிள்ளைகளிடம் இவ்வளவுகூட எதிர்பார்க்காமல் இருப்பதுதான் அவமானம் என்ற பக்கம் நின்றார். எனக்கு இரு தரப்பிலும் நியாயம் தெரிகிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இத்தனை விதிகளும் பையனை அளந்தன. கல்லூரியை எதுவும் அளக்கவில்லை.

கல்லூரியை அளந்தவர் ஓர் ஆங்கில ஆசிரியை. ஜான் கெம்ப் என்று பெயர். ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில், படிப்பில் பின்தங்கி வரும் மாணவர்களுக்கு அடிப்படை ஆங்கிலம் கற்பிக்கும் பிரிவில் இருந்தார். 1980-ல் ஜார்ஜியா அணி தேசிய வாகை சூடிய அணி. 1981 முடிவில் அந்தப் பிரிவில் தேறாத ஒன்பது வீரர்களைத் தேறியவர்களாகக் கணக்கிட்டு மேலே அனுப்பினார்கள். புத்தாண்டு அன்று பெரிய ஆட்டம் இருந்தது. கெம்ப் எதிர்த்தார். பதவி இறக்கினார்கள், பிறகு வேலையை விட்டே நீக்கினார்கள். அவர் கோர்ட்டுக்குப் போனார். அங்கே பல்கலைக்கழகத்தின் வக்கீல் சொன்ன வாதம்தான் இந்த வரலாற்றிலேயே என்னைத் தூங்கவிடாதது. இவர்களைப் பல்கலைக்கழக மாணவர்களாக ஆக்க முடியாமல் போகலாம். ஆனால் எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்தால், ஆட்டமெல்லாம் ஓய்ந்த பிறகு குப்பை அள்ளப் போகாமல் தபால் ஆபீசிலாவது வேலை பார்க்கலாம் அல்லவா, என்கிற பொருளில் பேசினார். தங்கள் தரப்புக்குச் சாதகம் என்று நினைத்துப் பேசிய வாதம் இது! 1986 பிப்ரவரியில் ஜூரி கெம்புக்கு 25 லட்சம் டாலருக்கு மேல் கொடுக்கச் சொன்னது. பின்னர் அது சுமார் 11 லட்சமாகக் குறைந்தது. வேலையும் திரும்பக் கிடைத்தது. பல்கலைக்கழகத் தலைவர் பதவி விலகினார். கெம்ப் 2008-ல் காலமானார். நம் நாட்டில் எத்தனையோ பேராசிரியர்களுக்குச் சிலை இருக்கிறது. இந்த அம்மாளுக்கு ஒன்று வைக்கலாம்.

மூன்று வருஷம் கழித்து, 1989-ல், செனட் குழு ஒன்றின் முன் டெக்ஸ்டர் மேன்லி வந்து உட்கார்ந்தார். வாஷிங்டன் அணியின் முரட்டுத் தடுப்பாட்டக்காரர். எதிரணிகளை நடுங்க வைத்தவர். ஓக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகத்தில் நான்கு வருஷம் இருந்தவர். கல்லூரியை விட்டு வெளியே வந்தபோது தமக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்று அழுதுகொண்டே சொன்னார். பெரியவரான பின் வாஷிங்டனில் ஒரு பள்ளிக்குப் போய்த்தான் வாசிக்கக் கற்றுக்கொண்டார்.

அடுத்த ஆண்டே ஒரு சட்டம் வந்தது. ஒவ்வொரு கல்லூரியும் தன் மாணவர்களில் எத்தனை பேர் பட்டம் வாங்கினார்கள், வீரர்களில் எத்தனை பேர் வாங்கினார்கள் என்று வெளியிட வேண்டும். இது நல்ல சட்டம். 2004-ல் என்.சி.ஏ.ஏ. இன்னும் ஒரு படி போயிற்று. ஒவ்வொரு வீரரும் பருவத்துக்குப் பருவம் தேறினாரா, கல்லூரியில் நீடித்தாரா என்று புள்ளி போட்டு, 1000-க்கு இத்தனை என்று அணியையே மதிப்பிட்டது. குறைந்தால் அணிக்குத் தண்டனை. முதல் முறையாக அளவுகோல் கல்லூரிப் பக்கம் திரும்பியது. பலனும் இருந்தது. கல்லூரி மாறிப் போனவர்களைத் தோற்றவர்களாக எண்ணாத என்.சி.ஏ.ஏ. கணக்கின்படி, முதல் வரிசைக் கால்பந்து அணிகளில் பட்டம் வாங்குவோர் 2020-களில் நூற்றுக்கு எண்பதை ஒட்டி இருக்கிறார்கள்.

எண்பது என்றால் பிரமாதம்தானே என்று தோன்றும். எனக்கும் இந்த எண்ணைப் பார்த்தால் சந்தோஷம்தான். ஆனால் அளவுகோல் எங்கே இருக்கிறதோ அங்கே குறுக்கு வழியும் முளைக்கும். வட கரோலினா பல்கலைக்கழகம் பெருமை வாய்ந்த அரசுக் கல்விக்கூடம். அங்கே 1993 முதல் 2011 வரை பதினெட்டு ஆண்டுகள், வகுப்பே நடக்காத பாடங்கள் இருந்தன. கடைசியில் ஒரு கட்டுரை எழுதிக் கொடுக்கவேண்டும், அவ்வளவுதான். அதற்குப் பெரும்பாலும் மதிப்பெண் போட்டவர் ஆசிரியர்கூட இல்லை, துறை அலுவலக ஊழியர். 2014-ல் வந்த விசாரணை அறிக்கைப்படி இந்தப் பாடங்களை எடுத்தவர்கள் 3,100-க்கும் மேல். அதில் ஏறக்குறைய பாதிப் பேர் விளையாட்டு வீரர்கள். 2017-ல் என்.சி.ஏ.ஏ. தீர்ப்புச் சொன்னது: இந்தப் பாடங்கள் மற்ற மாணவர்களுக்கும் திறந்திருந்தன, ஆகவே இது விளையாட்டு வீரர்களுக்கான சலுகை என்று சொல்ல முடியாது, தண்டனை இல்லை! மோசடி எல்லோருக்கும் பொது என்பதால் மோசடி இல்லை. நம்ம ஊர் வக்கீல்கள் இவ்வளவு தூரம் போவார்களா, தெரியவில்லை.

அறிவு இல்லாதவன், சோம்பேறி, ஏமாற்றுக்காரன் என்றெல்லாம் பையனைச் சொல்லும் முன் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: அவனுக்கு ஒரு நாளில் எத்தனை மணி நேரம் மிச்சம்? இதற்குப் பதில் 2014-ல் கிடைத்தது. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக அணியினர், நாங்களும் ஊழியர்களே, சங்கம் வைக்க உரிமை வேண்டும் என்று தொழிலாளர் வாரியத்துக்குப் போனார்கள். வாரியத்தின் வட்டார அதிகாரி விசாரித்துப் பார்த்தார். ஆட்டப் பருவத்தில் அவர்கள் வாரத்துக்கு 40 முதல் 50 மணி நேரம் ஆட்டத்துக்கே செலவழிக்கிறார்கள் என்று கண்டார். என்.சி.ஏ.ஏ. விதியோ 20 மணி நேரம்தான் என்கிறது! பயணம், காயத்துக்குச் சிகிச்சை, தானாக முன்வந்து செய்யும் பயிற்சி எல்லாம் அந்த இருபதில் சேராதாம்.

நார்த்வெஸ்டர்ன், பட்டம் பெறும் விகிதத்தில் முதல் வரிசையில் இருக்கும் கல்லூரி. அதன் அணித் தலைவர்களில் ஒருவரான கெய்ன் கோல்டர் டாக்டராக ஆசைப்பட்டவர். அதற்கு வேதியியல் பாடம் எடுத்தாக வேண்டும். காலைப் பயிற்சியோடு அது மோதியது. வேண்டாம் என்று அறிவுறுத்தப்பட்டதாக அவர் சாட்சியம் சொன்னார். உளவியலில் பட்டம் வாங்கினார். என்.சி.ஏ.ஏ. கணக்கில் அவர் வெற்றி. அவருடைய கணக்கில்? வட்டார அதிகாரி அவர்கள் ஊழியர்களே என்று தீர்ப்பளித்தார். 2015-ல் தேசிய வாரியம் இந்த விஷயத்தில் நாங்கள் தலையிடுவதற்கில்லை என்று ஒதுங்கிக்கொண்டது.

இதைப் படித்தபோது என் வகுப்பில் இருந்த ஒரு தமிழ்ப் பையன் நினைவு வந்தது. பல்கலைக்கழக அணியில் ஆடியவன். அணிப் போட்டிகள் எப்போதும் பாடம் சூடுபிடிக்கிற மாதங்களில்தான் வரும். திரும்பி வந்ததும் வருகைப் பதிவேட்டில் 'ஆன் டியூட்டி' போட்டுவிடுவார்கள். வருகைக் குறை தீர்ந்துவிடும். விட்டுப்போன பத்து வகுப்பு விட்டுப்போனதுதான். அந்தப் பத்து வகுப்பை யாராவது அவனுக்குத் திரும்ப நடத்தவேண்டும் என்று எந்த விதியும் இல்லை. அவன் தாயார் ஒருநாள் கல்லூரிக்கு வந்தார். "சார், கப் வாங்கினா போட்டோல பிரின்சிபல் நடுவுல நிக்கறார். பெயிலானா நாங்கதான் நிக்கணும்" என்றார். அமெரிக்க வரலாறு முழுவதையும் அந்த அம்மாள் இரண்டு வரியில் சொல்லிவிட்டார் என்பது எனக்கு இப்போதுதான் புரிகிறது.

நேரத்தோடு மல்லுக்கட்டி ஜெயித்தவர்கள் இன்றும் உண்டு. ஃப்ளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தின் மைரன் ரோல் இரண்டரை வருஷத்தில் பட்டப்படிப்பை முடித்தவர். 2008 நவம்பரில் ஒரு சனிக்கிழமை, அலபாமாவில் ரோட்ஸ் உதவித்தொகை நேர்காணல். அன்றே மேரிலாந்தில் ஆட்டம். நேர்காணலில் தேர்வாகி, விமானம் ஏறிப் போய் மிச்ச ஆட்டத்தையும் ஆடினார். ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு வருஷம் படித்துவிட்டுத் தொழில்முறை அணிகளின் தேர்வுக்கு வந்தபோது, உன் அணியைக் கைவிட்டுப் போனது எப்படி இருந்தது என்று அவரிடம் கேட்டார்களாம்! பிறகு மருத்துவம் படித்து, நரம்பு அறுவைச் சிகிச்சைத் துறைக்குப் போனார். பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜான் அர்ஷெல் மாணவராக இருக்கும்போதே கணித வகுப்பு எடுத்தவர். மூன்று பருவம் பால்டிமோர் அணிக்கு ஆடினார். 2017-ல், தலையில் படும் அடிகளால் வீரர்களின் மூளை எப்படிக் கெடுகிறது என்ற ஆய்வு வெளியான இரண்டாம் நாள் ஓய்வை அறிவித்தார். 2021-ல் எம்.ஐ.டி.யில் டாக்டர் பட்டம் வாங்கி, பின்னர் அங்கேயே பேராசிரியரானார்.

பணத்தின் கதையும் மாறிவிட்டது. 2021-ல் உச்ச நீதிமன்றம் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, படிப்பு சார்ந்த உதவிகளுக்கு என்.சி.ஏ.ஏ. உச்சவரம்பு போடக்கூடாது என்றது. அந்த ஜூலையிலிருந்து வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம். 2025 ஜூனில் ஒப்புதலான ஒரு வழக்குச் சமரசத்தின்படி, கல்லூரியே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். முதல் ஆண்டுக்கான வரம்பு கல்லூரிக்குச் சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர். வேர்வை சிந்துபவனுக்குக் கூலி கிடைப்பதில் எனக்கு வருத்தமில்லை; எப்போதோ கிடைத்திருக்க வேண்டும். ஆனால் கூலி ஏறினால் வேலை நேரம் குறையுமா? டிவி ஒப்பந்தங்களுக்காகக் குழுக்களும் கலைந்து சேர்ந்துவிட்டன. கலிஃபோர்னியாவில் பசிபிக் கரையை ஒட்டி இருக்கும் ஸ்டான்ஃபோர்டு, 2024 முதல் அட்லாண்டிக் கரைக் கல்லூரிகளின் குழுவில் ஆடுகிறது. வெளியூர் ஆட்டமென்றால் பல தடவை கண்டத்தையே தாண்டவேண்டும்.

2024-ல் வந்த இன்னொரு மாற்றமும் உண்டு. படிப்பில் தகுதி இருந்தால் ஒரு வீரர் எத்தனை முறை வேண்டுமானாலும் கல்லூரி மாறலாம், மாறிய உடனே ஆடலாம். 1896-ல் யோஸ்ட் ஒரு வாரத்தில் செய்தது வேறு, இன்று ஆண்டுக்கொருமுறை முறைப்படி மனுக் கொடுத்து மாறுவது வேறு. ஆனாலும் நான்கு வருஷத்தில் மூன்று கல்லூரி பார்த்த வீரர்கள் இப்போது அபூர்வமல்ல. ஆட்டத் திறமையை எந்தக் கல்லூரிக்கும் முழுசாக எடுத்துப் போகலாம். படித்த பாடங்களில் எத்தனையைப் பட்டத்துக்குச் சேர்த்துக்கொள்வது என்பதைப் புதிய கல்லூரிதான் தீர்மானிக்கும்.